ஜப்பான் கிராமத்தில் வீடு வாங்கிக் குடியேறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மலைப்பக்கம் வரும்போது எங்களிடம் கேட்கும் கேள்விகள் இவை. சென்னையிலோ கோவையிலோ இருந்தபடி “ஆறு லட்ச ரூபாய்க்கு ஜப்பானில் வீடு” என்று வீடியோ பார்த்துவிட்டு எழுதுகிறவர்களும் இவற்றையேதான் கேட்கிறார்கள். நாங்கள் நாகானோ மாகாணத்தின் ஒரு மலைக் கிராமத்தில் பழைய வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். சட்டமும் தொகையும் 2025 இறுதி நிலவரப்படி சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் அந்தந்த ஊர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீடுகள் உண்மையிலேயே அவ்வளவு மலிவா?

ஆமாம். 2023 இல் எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஆளில்லாத வீடுகள் சுமார் 90 லட்சம். மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். வாடகைக்கு ஆள் தேடும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இதில் சேர்த்தி. வாடகைக்கும் விடாமல், விற்கவும் செய்யாமல் சும்மா கிடப்பவை மட்டும் சுமார் 38.5 லட்சம். இவற்றைத்தான் ‘அகியா’ என்று தேடிக்கொண்டு வருகிறீர்கள். பிள்ளைகள் நகரத்தோடு போய்விட்டார்கள், பெற்றோர் காலமாகிவிட்டார்கள், வீடு மட்டும் நிற்கிறது. வரிக் கணக்கில் மர வீட்டின் ஆயுள் 22 ஆண்டுதான் என்பதால், 50 ஆண்டுப் பழைய வீட்டுக்கு விலை என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை. 10 லட்சம் யென்னிலிருந்து 50 லட்சம் யென்னுக்குள் நிறைய வீடுகள் பார்க்கலாம். 10 லட்சம் யென் என்றால் நம் கணக்கில் ஐந்தரை, ஆறு லட்ச ரூபாய்.

ஆனால் இந்த விலையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது. கிராமத்தில் வீடு வாங்குகிறவர் பத்துப் பதினைந்து குடும்பங்களோடு சேர்ந்து ஓர் ஊரைப் பராமரிக்கும் பொறுப்பையும் ஏற்கிறார். அந்தப் பொறுப்பு பிடித்திருந்தால் இதைவிட நல்ல வாழ்க்கை கிடைப்பது அரிது. பிடிக்காதென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வீடு வாங்கினால் விசா கிடைக்குமா?

கிடைக்காது. வெளிநாட்டவர் ஜப்பானில் நிலமும் வீடும் வாங்கத் தடையில்லை. சுற்றுலா விசாவில் வந்தவர்கூட வாங்கலாம். ஆனால் பத்து வீடு வாங்கினாலும் தங்கும் உரிமை வராது. இரண்டும் தனித்தனி.

அப்படியானால் எந்த விசாவில் கிராமத்தில் வாழ்வது?

நடைமுறையில் சுலபமான வழி, ஏற்கெனவே வேலை விசாவில் ஜப்பானில் இருந்து, நிறுவனத்தின் சம்மதத்தோடு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது. வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும் என்பதால், நிரந்தர வசிப்புரிமை கையில் வந்தபின் கிராமத்துக்குப் போவதே நிம்மதி. அதற்குப் பொதுவாக 10 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். படிப்பு, சம்பளம் போன்றவற்றுக்குப் புள்ளி தரும் உயர்திறன் புள்ளி முறையில் 70 புள்ளி இருந்தால் 3 ஆண்டு, 80 இருந்தால் ஓர் ஆண்டு போதும்.

முதியோர் பராமரிப்பு, விவசாயம் போன்ற துறைகளுக்கு 2019 இல் வந்த ‘தொகுதெய் கினோ’ (குறிப்பிட்ட திறன்) விசாவும் உண்டு. இந்தியாவோடு இதற்கான ஒப்பந்தம் 2021 இல் கையெழுத்தானது. கிராமப்புற முதியோர் இல்லங்களில் ஆள் பற்றாக்குறை கடுமை என்பதால், நர்சிங் படித்த நம் பிள்ளைகளுக்கு இது திறந்திருக்கும் கதவு. முதல் கட்டத்தில் 5 ஆண்டு வரை இருக்கலாம், ஆனால் குடும்பத்தை அழைத்துவர முடியாது.

“கிராமத்தில் தோசைக் கடை வைக்கிறேன், விருந்தினர் இல்லம் நடத்துகிறேன்” என்று வருபவர்கள் கவனிக்க வேண்டியது: தொழில் நடத்தும் விசாவுக்கான முதலீடு 2025 அக்டோபரில் 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக உயர்ந்துவிட்டது. முழுநேர ஊழியர் ஒருவரையும் வைக்க வேண்டும். சிறு கடைக் கனவோடு வருபவருக்கு இது கிட்டத்தட்ட மூடிய வழி. எனக்கு இதில் வருத்தம்தான். கிராமங்களுக்குத் தேவைப்படுவது அந்தச் சிறு கடைகளே.

வீட்டை எங்கே தேடுவது?

ஊராட்சிகளே ‘அகியா பேங்க்’ என்ற பெயரில் காலி வீடுகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதில் வருவது பாதிதான். மீதிப் பாதி வாய்வழியாக நகரும். தெரிந்தவர் சொன்னால்தான் திறக்கும் வீடுகள் அவை. அதனால் முதலில் அந்த ஊரில் கொஞ்ச காலம் வாடகைக்கு இருங்கள். குடியேற நினைப்பவர்கள் தங்கிப் பார்க்கவென்றே பல ஊராட்சிகள் குறைந்த வாடகைக்குச் ‘சோதனைக் குடியிருப்பு’ வீடுகள் வைத்திருக்கின்றன. ஊர் அலுவலகத்தின் குடியேற்றப் பிரிவில் நேரில் போய்க் கேளுங்கள், மின்னஞ்சலோடு நிறுத்திவிடாதீர்கள். நேரில் பார்த்த முகத்துக்குத்தான் அவர்கள் மூன்றாவது வீட்டுப் பாட்டியிடம் பேசிப் பார்ப்பார்கள்.

வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் கட்டிய ஆண்டு. 1981 ஜூன் 1 முதல் புதிய நிலநடுக்கத் தரம் வந்தது. மர வீடுகளுக்கு 2000 இல் இன்னும் இறுக்கினார்கள். 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவு நிலநடுக்கம் உலுக்கியபோது சுசு, வாஜிமா பகுதிகளில் பழைய ஓட்டு வீடுகள் வரிசையாகச் சரிந்தன. மலிவு வீடுகளில் பெரும்பாலானவை 1981க்கு முந்தியவை. அத்தகைய மர வீடுகளுக்கு இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ பரிசோதனை செய்துதரும் ஊராட்சிகள் பல உண்டு. வலுப்படுத்த மானியமும் தருவார்கள். பரிசோதனை செய்யாத வீட்டில் பிள்ளைகளைப் படுக்கவைக்காதீர்கள்.

அடுத்தது பேரிடர் வரைபடம். ஊராட்சி வெளியிடும் அந்த வரைபடத்தில் மண்சரிவுச் சிவப்பு மண்டலம், வெள்ளம் எட்டும் உயரம் எல்லாம் வீடு வீடாகத் தெரியும். வெள்ள விவரத்தை வாங்குபவரிடம் சொல்வது 2020 ஆகஸ்ட் முதல் தரகரின் சட்டக் கடமை. மலையடிவாரத்தில் அழகான வீடு இவ்வளவு மலிவாக நிற்கிறதென்றால், காரணம் அந்தச் சிவப்பு நிறமாகவே இருக்கலாம்.

மூன்றாவது, பத்திரம். தாத்தா பெயரிலேயே நின்றுபோன வீடுகள் ஏராளம். வாரிசுகள் இருபது பேர் நாலா திசையிலும் இருப்பார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் வாரிசுப் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள், மூன்று ஆண்டுக்குள் செய்யாவிட்டால் 1 லட்சம் யென் வரை அபராதம். நிலைமை மெல்லச் சீராகிறது. என்றாலும் விற்பவர் பெயரில் பத்திரம் மாறாதவரை முன்பணம் கொடுக்காதீர்கள். எல்லைக் கல் எங்கே, பாதை யாருடையது, வீட்டை இடித்தால் மறுபடி கட்ட அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். போதிய அகலமுள்ள சாலையை ஒட்டாத மனையில் பல இடங்களில் மறுபடி கட்ட முடியாது.

பிறகு கழிவுநீர். ஊர்ச் சாக்கடை இணைப்பா, ‘ஜோகாசோ’ எனும் சுத்திகரிப்புத் தொட்டியா, அல்லது வண்டி வந்து உறிஞ்சி எடுக்கும் பழைய குழிக் கழிப்பறையா? தொட்டி என்றால் ஆண்டுதோறும் சட்டப்படி பரிசோதனையும் சுத்தம் செய்தலும் உண்டு. கரையான், கூரை ஒழுகல், தரைக்கடியில் ஈரம் ஆகியவற்றைத் தச்சர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

வீட்டுக்குள் சாமான்கள் அப்படியே இருக்கும். தட்டுமுட்டு, மெத்தை, புகைப்படம், சில சமயம் முன்னோரை வணங்கும் பூஜை மாடமும். சாமானை அப்புறப்படுத்தும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பூஜை மாடத்தை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். பிக்குவை அழைத்துச் சடங்கு செய்து எடுத்துக்கொள்ளும்படி அந்தக் குடும்பத்தைக் கேளுங்கள். நம் வீட்டுப் பூஜையறையைப் பிறர் எப்படிக் கையாள வேண்டும் என்று விரும்புவோமோ அப்படி.

மொத்தத்தில் எவ்வளவு செலவாகும்?

வீட்டு விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு கையில் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறை, சமையலறை, கழிப்பறை, கூரை என்று தொட்டாலே பல பத்து லட்சம் யென் போய்விடும். 80 லட்சம் யென் வரையிலான வீடுகளுக்குத் தரகர் கட்டணம் வரியோடு 3.3 லட்சம் யென் வரை இருக்கலாம். 2024 ஜூலையில் உயர்த்தினார்கள். வாங்கிச் சில மாதம் கழித்து, அரசு மதிப்பில் 3 சதவீதக் கொள்முதல் வரி கேட்டுத் தபால் வரும், அப்போது அதிர்ச்சி அடையாதீர்கள். ஆண்டு வரி 1.4 சதவீதம். பழைய வீட்டின் அரசு மதிப்பு குறைவு என்பதால் இவை பெரிய தொகை இல்லை. வங்கிக் கடன் நிரந்தர வசிப்புரிமை இல்லாதவர்களுக்கும், இத்தனை பழைய வீடுகளுக்கும் கிடைப்பது கடினம். ரொக்கம் என்றே திட்டமிடுங்கள்.

அரசு நமக்குப் பணம் தருகிறது என்கிறார்களே?

டோக்கியோவின் 23 வார்டுகளில் வாழ்ந்த, அல்லது சுற்றுப் பகுதியிலிருந்து அங்கே வேலைக்குப் போய்வந்த குடும்பம் கிராமப்புறத்துக்குக் குடிபெயர்ந்தால் 10 லட்சம் யென் வரை உதவித்தொகை. 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலும் 10 லட்சம் வரை. தனியாள் என்றால் 6 லட்சம் வரை. கடந்த 10 ஆண்டில் மொத்தம் 5 ஆண்டாவது அப்படி இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டவரில் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள், ஜப்பானியரின் துணைவர் போன்ற சில பிரிவினருக்கே இது. சாதாரண வேலை விசாவுக்குக் கிடையாது. 5 ஆண்டு முடியும் முன் ஊரைவிட்டுப் போனால் முழுவதுமோ பாதியோ திருப்பித் தர வேண்டும்.

2009 இல் தொடங்கிய ‘சிஇகி ஒகோஷி’ கூட்டுப்பணித் திட்டம் இன்னொன்று. ஊராட்சி சம்பளம் கொடுத்து மூன்று ஆண்டு வரை கிராமப் பணியில் அமர்த்தும். ஜப்பானிய மொழி சரளமாக இருந்தால் வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஊரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளி இல்லை.

வீட்டோடு வயலும் சேர்த்து வாங்கலாமா?

விவசாய நிலத்துக்கு ஊரின் விவசாயக் குழுவின் அனுமதி வேண்டும். இத்தனை பரப்பாவது இருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச விதியை 2023 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள், அதனால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சிறு தோட்டத்தை வாங்குவது முன்பைவிடச் சுலபம். உழுவேன் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். நீங்கள் விட்டுவிடும் நிலத்தின் புல் பக்கத்து வயலுக்குப் பரவும், பன்றியும் அங்கேதான் பதுங்கும்.

அக்கம்பக்கத்தார் நம்மை ஏற்றுக்கொள்வார்களா?

எல்லாரும் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பது இது. ஏற்றுக்கொள்கிறார்கள். எங்கள் தோல் நிறமோ சாமியோ இங்கே யாருக்கும் பிரச்சினையாகவில்லை. பிரச்சினை ஆவது, காலை எட்டு மணிக்குப் புல்வெட்ட வரச் சொல்லி வராமல் இருப்பது.

கிராமம் ‘குமி’ எனும் சிறு குழுக்களாகப் பிரிந்திருக்கும். ஒரு குமியில் பத்து வீடு இருக்கலாம். வசந்த காலத்தில், வயலுக்குத் தண்ணீர் விடும் முன் எல்லாரும் சேர்ந்து வாய்க்கால் தூர்வார வேண்டும். நம் ஊர்க் குடிமராமத்து நினைவுள்ளவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கோடையில் சாலையோரப் புல்வெட்டு, இலையுதிர் காலத்தில் கோவில் திருவிழா. இளைஞர் என்றால் தன்னார்வத் தீயணைப்புப் படையிலும் கூப்பிடுவார்கள். அங்கே ஐம்பது வயதுக்காரரும் இளைஞர்தான். வர முடியாதவர் சில ஆயிரம் யென் ஈடு கட்டும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு வராமலே இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எண்பது வயதுப் பெரியவர் வாய்க்காலில் இறங்கி நிற்கும்போது நாற்பது வயதுக்காரர் வீட்டில் இருந்தால் ஊர் மறக்காது.

‘கைரன்பன்’ எனும் சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாக வரும். படித்து முத்திரை வைத்து அன்றோ மறுநாளோ அடுத்த வீட்டில் கொடுத்துவிடுங்கள். அந்தச் சாக்கில் இரண்டு வார்த்தை பேசுவதுதான் முக்கியம். குடிபோன வாரத்தில் எதிரே மூன்று வீடு, இரு பக்கத்து வீடு, குமித் தலைவர் வீடு என்று சின்னப் பெட்டி இனிப்போ துண்டோ கொண்டுபோய்க் கும்பிட்டு அறிமுகம் செய்துகொள்ளுங்கள். விலை ஆயிரம் யென்னைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் அவர்களுக்குச் சங்கடம்.

குப்பையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஊர் விற்கும் பையில், பல இடங்களில் பெயரும் எழுதி, குறித்த நாளில் குறித்த இடத்தில் வைக்க வேண்டும். டோகுஷிமாவின் கமிகட்சு ஊரில், 2003 இல் குப்பையில்லா ஊர் என்று அறிவித்த பிறகு, மக்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து, தாங்களே நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். அங்கே குப்பை வண்டியே கிடையாது. மற்ற ஊர்கள் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் தவறாக வைத்த பை சிவப்புச் சீட்டோடு அங்கேயே நிற்கும்.

ஜப்பானிய மொழி எவ்வளவு வேண்டும்?

ஊர் அலுவலகப் படிவத்தையும் மருத்துவர் சொல்வதையும் புரிந்துகொள்ளும் அளவு. ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஐந்து நிலைகளில் நடு நிலையான என்-3 ஆவது வேண்டும். வட்டார வழக்கு பிறகு தானாக வரும். கணவருக்கு மட்டும் மொழி தெரிந்து மனைவிக்குத் தெரியாத குடும்பங்கள் கிராமத்தில் மிகவும் கஷ்டப்படுகின்றன. நகரத்தில் நாலு தமிழ்க் குடும்பம் இருக்கும், இங்கே பனிக்காலத்தில் நாள் முழுக்கப் பேச ஆளே இருக்காது. தயவுசெய்து இருவரும் படித்தபின் வாருங்கள்.

கார் இல்லாமல் இருக்க முடியுமா?

முடியாது. பெரியவர்கள் இருவரென்றால் இரண்டு வண்டி வேண்டும். மஞ்சள் எண்பலகையுள்ள ‘கேய்’ எனும் சிறிய கார் போதும், குறுகலான மலைச்சாலைக்கு அதுவே நல்லது. இரண்டு ஆண்டுக்கொரு முறை ‘ஷாகென்’ தகுதிச் சோதனை, பனிப் பகுதியில் குளிர்கால டயர், இரண்டுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குத்தான் செல்லும். பிறகு இந்திய உரிமத்தை மாற்ற எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. 2025 அக்டோபர் முதல் 50 கேள்விகளில் 90 சதவீதம் சரியாக எழுத வேண்டும். ஓட்டுத் தேர்வில் வளைவுகளைவிட, கண்ணாடி பார்த்துத் தலையைத் திருப்பிப் பின்பக்கம் கவனிப்பதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பயிற்சிப் பள்ளியில் ஒன்றிரண்டு வகுப்புக் கட்டிப் போவது பணத்துக்கு ஈடு.

குளிர் தாங்குமா?

பழைய வீட்டில் குளிர் காப்பு எதுவும் இருக்காது. வெளியே இருக்கும் குளிர் உள்ளேயும் இருக்கும். 18 லிட்டர் கேனில் மண்ணெண்ணெய் வாங்கி அடுப்பு மூட்டுவார்கள். மெத்தை போர்த்திய சூடான குட்டை மேசையான ‘கொதட்சு’வுக்குள் குடும்பமே காலை நீட்டிக்கொள்ளும். வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 4 பாகைக்குப் போனால் குழாய்த் தண்ணீர் உறையத் தொடங்கும், எனவே படுக்கும் முன் குழாயைக் காலி செய்யும் வால்வு எங்கே என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளியலறையும் படுக்கையறையும்தான் முதலில் காப்பிட வேண்டியவை. வீட்டில் வயதானவர் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

நம் சாப்பாட்டுக்கு என்ன வழி?

பருப்பும் மசாலாவும் டோக்கியோ கடைகளிலிருந்து கூரியரில் எந்த மலைக்கும் வந்துவிடும். பக்கத்து வீட்டார் வாசலில் வைத்துவிட்டுப் போகும் முள்ளங்கி, முட்டைக்கோஸ், கத்திரிக்காயிலேயே பாதிக் காலம் ஓடும். அந்தப் பெரிய வெள்ளை முள்ளங்கியில் சாம்பார் அபாரமாக இருக்கும். பதிலுக்கு நாங்கள் முறுக்கு சுட்டுக் கொடுப்போம். அரிசி முறுக்கின் மொறுமொறுப்பு இங்குள்ள பெரியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இட்லி மாவு குளிரில் புளிக்காது, கொதட்சுவுக்குள் வைத்தால் புளிக்கும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து அக்டோபரில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

சைவக்காரர்கள் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இங்கே காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். ஊர் விருந்தில் தட்டு வந்தபின் மறுத்தால் சமைத்தவர் மனம் நோகும். முந்தின வாரமே சொன்னால் தனியாக ஏதாவது செய்து வைத்திருப்பார்கள்.

பிள்ளைகளின் படிப்பு?

ஒரு வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகள், சில பள்ளிகளில் இரண்டு வகுப்பு சேர்ந்து ஒரே ஆசிரியர். கவனிப்பு அருமையாக இருக்கும். நகரத்துப் பிள்ளைகளை மலைக் கிராமத்தில் தங்கிப் படிக்கவைக்கும் முறையே 1976 இல் நாகானோவின் யசாகா கிராமத்தில்தான் தொடங்கியது. ஆனால் பள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்து மூடப்பட்டு வருகின்றன. வீடு பார்க்கும்போதே, அடுத்த பத்தாண்டில் இந்தப் பள்ளி இருக்குமா என்று ஊராட்சியில் கேளுங்கள். மேல்நிலைக்கு ரயிலிலோ விடுதியிலோ போக வேண்டிவரும். தமிழ் எழுதப் படிக்க வீட்டில்தான் சொல்லித்தர வேண்டும்.

மருத்துவமனை?

தேசிய மருத்துவக் காப்பீட்டில் நாம் கட்டுவது 30 சதவீதம். பிள்ளைகளுக்குப் பல ஊராட்சிகள் அதையும் ஏற்கின்றன. கவலை தூரம்தான். குறிப்பாக, பிரசவம் பார்க்கும் மருத்துவமனை மிகவும் குறைந்துவிட்டது. பிள்ளை பெறும் திட்டமிருந்தால், பனிக்காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் இடமா என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள். தொடர் சிகிச்சையில் இருக்கும் பெற்றோரை ஆழமான மலைக்கு அழைத்துவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கரடி வருமாமே?

வரும். 2025 இல் அகிடா மாகாணத்தில் கரடித் தொல்லைக்குத் தற்காப்புப் படையே உதவிக்கு வந்தது. வடகிழக்கிலும் நாகானோவிலும் பையில் மணி கட்டிக்கொண்டு நடக்கிறோம். பழுத்த சீமைப்பனிச்சையை (பெர்சிமன் பழம்) மரத்தில் விடாதீர்கள், குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள். கியூஷூ தீவில் கரடி கிடையாது. பன்றி, குரங்கு, மான் பல பகுதிகளில் உண்டு.

எந்தப் பகுதி தமிழர்களுக்கு ஏற்றது?

முதல்முறை என்றால் கனத்த பனி பொழியும் நீகதா, அகிடா, யமகதா வேண்டாம். கூரைப் பனியைத் தள்ளுவது ஆண்டுதோறும் உயிர்களைப் பறிக்கும் வேலை. வெயில் அதிகமுள்ள ஒகாயமா, ககவா, எஹிமே பக்கம் வாழ்வது எளிது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் டோகுஷிமாவின் கமியமாவைப் போய்ப் பாருங்கள். ஃபைபர் இணையம் முன்பே வந்துசேர்ந்த மலை ஊர் அது. 2010 இல் சான்சான் எனும் டோக்கியோ நிறுவனம் அங்கே ஒரு பழைய வீட்டில் கிளை திறந்தது, பிறகு பலர் தொடர்ந்தார்கள். 2023 இல் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் தொடங்கியிருக்கிறார்கள். புதியவர்களைப் பார்த்துப் பழகிய ஊரில் முதல் ஆண்டு லேசாகப் போகும்.

பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம்தானே?

விற்பது வாங்குவதைவிடப் பல மடங்கு கடினம். வேண்டாத நிலத்தை அரசிடம் ஒப்படைக்கும் திட்டம் 2023 ஏப்ரலில் வந்தது. ஆனால் அது வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. வரியும் புல்வெட்டும் உங்களைத் தொடரும், உங்களுக்குப் பின் பிள்ளைகளையும் தொடரும். சென்னையில் வளரும் பேரனுக்கு ஜப்பான் மலையில் ஓர் ஓட்டு வீட்டுக்கு வரிச்சீட்டு வருவதை நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். ஏப்ரல் பூக்காலத்தில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஜூன் மழையில் சுவரில் பூஞ்சை ஏறும்போதும், ஜூலையில் வாரம் தவறாமல் புல் வளரும்போதும், பிப்ரவரியில் ஆறு மணிக்கு எழுந்து வாசல் பனியை அள்ளும்போதும் அங்கே இருங்கள். ஓராண்டு முடிந்து, வாய்க்கால் தூர்வாரும் நாளைக் குமித் தலைவர் சொல்வதற்கு முன் நீங்களே கேட்கத் தொடங்கியிருந்தால், அந்த ஊரில் வீடு தேடுங்கள்.